வாசகர் கேள்வி பதில்: ஏத்தன் வாழை முதல் ஏலத்தட்டை வரை, மியாசிஸ்

களியக்காவிளை, கம்பம், கொழிஞ்சாம்பாறை என்று எல்லையோரத்திலிருந்து இந்த மாதம் வந்த கடிதங்களில் பல ஒரே இடத்தைச் சுற்றுகின்றன. மகரந்தமும் முட்டையும் விந்தணுவும் உருவாகும்போது குரோமோசோம்கள் எப்படிப் பிரிகின்றன, எப்போது பிரியாமல் போகின்றன என்பதே கேள்வி. எண்ணிக்கையைப் பாதியாக்கும் இந்தப் பிரிவுதான் மியாசிஸ். உடல் வளரும்போது நடக்கும் சாதாரணச் செல் பிரிவு மைட்டாசிஸ். தாவரவியலும் மரபியலும் பாடம் நடத்துகிறவர்கள் பதில் எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறோம்.

பிளஸ் ஒன் மாணவி, குழித்துறை: மைட்டாசிஸிலும் குரோமோசோம்கள் நடுவில் வரிசையாக நிற்கின்றன, மியாசிஸிலும் நிற்கின்றன. முதல் பிரிவில் எண்ணிக்கை பாதியாகிறது, இரண்டாவதில் ஆவதில்லை என்கிறார்கள். படத்தைப் பார்த்தால் இரண்டிலும் ஏதோ ஒன்று இரண்டாகப் பிரிகிறது. எதை எண்ணுவது?

சென்ட்ரோமியரை எண்ணுங்கள். இரட்டித்த குரோமோசோமின் இரண்டு நகல் இழைகளும் இறுகச் சேரும் இடுக்கு அது, அந்த இழை ஒவ்வொன்றும் ஒரு குரோமாட்டிட். ஒரு சென்ட்ரோமியர் என்றால் ஒரு குரோமோசோம். அதில் தொங்குவது ஒரு குரோமாட்டிடா இரண்டா என்பது வேறு கணக்கு. இந்த இரண்டையும் கலப்பதால்தான் பெரும்பாலும் மார்க் போகிறது.

வெங்காயத்தை எடுத்துக்கொள்வோம். அதற்கு 16 குரோமோசோம்கள், அதாவது 8 இணைகள். ஒவ்வொரு இணையிலும் ஒன்று தாய் வழி, ஒன்று தந்தை வழி. பிரிவு தொடங்கும் முன்பே டிஎன்ஏ இரட்டித்துவிடும். அப்போதும் குரோமோசோம் 16தான், குரோமாட்டிட் மட்டும் 32. ஒவ்வொரு குரோமோசோமின் இரண்டு சகோதரிக் குரோமாட்டிட்களையும் கோஹீசின் என்ற புரத வளையங்கள் நீளவாக்கில் கட்டி வைத்திருக்கும்.

இனி முதல் புரோஃபேஸ், அதாவது முதல் பிரிவின் தொடக்கக் கட்டம். அதன் படிகளை வரிசையாகப் பார்ப்போம். லெப்டோட்டீனில் குரோமோசோம்கள் மெல்லிய நூல்களாகத் தெரிகின்றன. அவற்றின் முனைகள் உட்கரு உறையில் ஒட்டி ஒரு பக்கமாகக் குவிவதால், தன் இணையைத் தேடுவது எளிதாகிறது. சைகோட்டீனில் இணைகள் பக்கவாட்டில் ஒட்டத் தொடங்குகின்றன. பாக்கிட்டீனில் முழு நீளத்துக்கும் ஒட்டிவிடும். டிஎன்ஏ வெட்டப்பட்டு இணையின் துண்டோடு மாறி ஒட்டும் குறுக்கேற்றம் முடிவுக்கு வருவது இங்கேதான். டிப்ளோட்டீனில் ஒட்டியிருந்த இணைகள் விலகப் பார்க்கும். ஆனால் துண்டு மாறிய இடங்களில் மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கும். அந்தப் புள்ளிகள்தாம் கயாஸ்மா. டயாகைனசிஸில் எல்லாம் சுருங்கித் தடித்து, நியூக்ளியோலஸ் மறைந்து, உறை உடைகிறது.

புத்தகங்கள் குறுக்கேற்றத்தைப் 'புதிய பண்புக் கலவை தருகிறது' என்பதோடு விட்டுவிடுகின்றன. அது பாதி உண்மைதான். கயாஸ்மா இல்லையென்றால் இணைகளைச் சேர்த்துப் பிடித்திருக்க எதுவும் இல்லை, சேர்ந்து நிற்காத இணை சரியாகப் பிரியவும் முடியாது. (ஆண் பழ ஈ போன்ற சில உயிர்கள் குறுக்கேற்றம் இல்லாமலே வேறு வழியில் சமாளிக்கின்றன. அதை இப்போது விட்டுவிடலாம்.)

ஏன் என்பது முதல் மெட்டாஃபேஸில் விளங்கும். எட்டு இணைகளும் நடுவில் வந்து நிற்கின்றன. மைட்டாசிஸில் சகோதரிகள் இருவரும் எதிரெதிர்த் துருவத்தை, அதாவது செல்லின் எதிரெதிர் முனையை, பார்ப்பார்கள். இங்கே அப்படியில்லை. சகோதரிகள் இருவரும் ஒரே துருவத்தைப் பார்க்க, இணைக் குரோமோசோம் மறு துருவத்தைப் பார்க்கிறது. கதிர் இழைகள் இரு பக்கமும் இழுக்க, நடுவில் கயாஸ்மா விடாமல் பிடிக்க, ஒரு விறைப்பு உண்டாகும். ஓணத்துக்கு நடக்கும் வடம்வலியில் ஒரு பக்கம் ஆளில்லை என்றால் கயிறு தளர்ந்து கிடக்குமே, அதுபோல் இரண்டும் ஒரே துருவத்தில் மாட்டிக்கொண்டால் விறைப்பு வராது. விறைப்பில்லாத பிடியைச் செல் தானே விடுவித்துவிட்டு மறுபடி பிடிக்கும். சரியான திசை இப்படித்தான் அமைகிறது.

அடுத்தது விலகிச் செல்லும் கட்டமான அனாஃபேஸ். முதல் அனாஃபேஸில் செப்பரேஸ் என்ற நொதி கோஹீசினை அறுக்கிறது. ஆனால் கைகளில், அதாவது சென்ட்ரோமியரிலிருந்து நீளும் பகுதிகளில், உள்ளதை மட்டும். சென்ட்ரோமியர் அருகே இருப்பதை ஷுகோஷின் என்ற புரதம் காவல் காக்கிறது. கைகளில் கட்டு அறுந்ததும் கயாஸ்மாவின் பிடி கழன்று இணைகள் விலகுகின்றன. ஒவ்வொரு துருவத்துக்கும் 8 குரோமோசோம், 16 குரோமாட்டிட். எண்ணிக்கை பாதியானது இங்கேதான்.

நடுவில் டிஎன்ஏ மறுபடி இரட்டிப்பதில்லை. இரண்டாம் பிரிவில் சகோதரிகள் எதிரெதிராகத் திரும்புகிறார்கள். இப்போது காவலும் இல்லை. சென்ட்ரோமியரில் மிச்சமிருந்த கோஹீசினும் அறுகிறது. அந்த நொடியில் ஒவ்வொரு குரோமாட்டிடும் தனிக் குரோமோசோம் என்ற பெயர் பெறுகிறது. ஆகவே இரண்டாம் அனாஃபேஸில் ஒரு செல்லுக்குள் 16, துருவத்துக்கு 8. முடிவில் நான்கு செல், ஒவ்வொன்றிலும் 8. டிஎன்ஏ அளவோ முதல் பிரிவில் ஒருமுறையும் இரண்டாவதில் ஒருமுறையும் பாதியாகிறது. மனிதரில் இதே கணக்கு: புரோஃபேஸில் 46 குரோமோசோம், 92 குரோமாட்டிட், முதல் பிரிவுக்குப் பின் 23, 46, இரண்டாவதுக்குப் பின் 23, 23.

பி.எஸ்சி. மாணவர்கள், பாலக்காடு: ரியோ செடியின் மொட்டை நசுக்கி ஸ்லைடு போட்டோம். 12 குரோமோசோம் என்பதால் ஆறு இணைகள் தெரியும் என்று எதிர்பார்த்தோம். தெரிந்ததோ நீளமான ஒரு சங்கிலி. ஸ்லைடு கெட்டுவிட்டதா?

கெடவில்லை, அருமையான ஸ்லைடு. வீட்டு முற்றத்தில் வளரும், இலையின் அடிப்பக்கம் ஊதாவாக இருக்கும் ரியோவில் ஆறு தனித்தனி இணைகளை எதிர்பார்ப்பதுதான் தவறு. அதன் குரோமோசோம்கள் பழைய காலத்தில் தங்களுக்குள் கைகளை மாற்றிக்கொண்டவை. ஒன்றின் ஒரு கை இடப்பக்கத்து அண்டையின் கையோடு ஒத்திருக்கும், மறு கை வலப்பக்கத்து அண்டையோடு ஒத்திருக்கும். அதனால் 12ம் கைகோத்து ஒரே வளையமாகின்றன. கயாஸ்மா முனைகளில் உண்டாவதால், ஏதாவது ஓரிடத்தில் அது அமையாமல் போனால் வளையம் திறந்து சங்கிலியாகும். இரண்டு இடங்களில் விட்டால் இரண்டு சங்கிலி. நீங்கள் பார்த்தது அதுதான்.

வளையம் கோணல்மாணலாக வளைந்து நின்று, ஒன்று விட்டு ஒன்று எதிர்த் துருவத்துக்குப் போனால் மகரந்தம் பிழைக்கும். பக்கத்துப் பக்கத்து இரண்டு ஒரே துருவத்துக்குப் போய்விட்டால் சில கைகள் இரட்டிப்பாகவும் சில இல்லாமலும் போகும், மகரந்தம் செத்துவிடும். முற்றிய மகரந்தப்பையை அசிட்டோகார்மின் சாயத்தில் (செய்முறை கீழே) போட்டுப் பாருங்கள். நிறைந்து சிவப்பாக இருப்பவை நல்லவை, சுருங்கி நிறமற்றுக் கிடப்பவை மலடு. வளையத்தையும் இந்த மலட்டு மகரந்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினால் தேர்வாளருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

தெளிவான இணைகள் வேண்டுமென்றால் மக்காச்சோளம் எடுங்கள். 20 குரோமோசோம், 10 இணைகள். பொள்ளாச்சி, உடுமலை பக்கம் எந்தக் காட்டிலும் கிடைக்கும். வெங்காயமும் நல்லதுதான், ஆனால் பூத்தண்டு விடக் குளிர் வேண்டும், நம் சமவெளியில் காத்திருக்க நேரிடும்.

ஆண் கதிர் வெளியே தலைகாட்டிவிட்டால் காலம் தாழ்ந்தது, மகரந்தம் மட்டுமே கிடைக்கும். மேல் இலைச்சுருளை விரலால் அழுத்தும்போது உள்ளே மெத்தென்று தட்டுப்படும் பருவத்தில் இலைச்சுருளைக் கீறி எடுக்க வேண்டும். நடுத்தண்டின் மத்திக்குச் சற்று மேலே உள்ள பூக்கள் முந்தியவை, அங்கிருந்து மேலும் கீழும் போகப்போக இளையவை. ஒவ்வொரு சிறுகதிரிலும் இரண்டு பூ, மேல்பூ முந்தும். ஒரு பூவில் மூன்று மகரந்தப்பைகள் உண்டு. மூன்றும் ஏறக்குறைய ஒரே கட்டத்தில் இருக்கும் என்பது பெரிய வசதி. ஒன்றை நசுக்கிச் சோதியுங்கள். வேண்டிய கட்டம் வந்திருந்தால் மற்ற இரண்டையும் நல்ல ஸ்லைடுக்கு வையுங்கள். மகரந்தப்பை சுமார் 2 மி.மீ. நீளம் இருக்கும்போது தேடத் தொடங்கலாம். ரகத்துக்கு ரகம் மாறும்.

பதப்படுத்தும் திரவம்: தூய எத்தனால் மூன்று பங்கு, கிளேசியல் அசெட்டிக் அமிலம் ஒரு பங்கு. அன்றன்றைக்குக் கலக்க வேண்டும், நேற்றைய கலவையில் இரண்டும் வினைபுரிந்து தரம் குறைந்திருக்கும். திசுவைப் போலப் பத்துப் பதினைந்து மடங்கு திரவம் இருக்கட்டும். 24 மணி நேரம் கழித்து 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் வாரக்கணக்கில் தாங்கும்.

சாயத்துக்கு 45 சதவீத அசெட்டிக் அமிலம் 100 மி.லி.யில் கார்மின் 1 கிராம் போட்டு மெதுவாகக் கொதிக்கவைத்து ஆறியபின் வடிகட்டுங்கள். ஸ்லைடில் ஒரு துளி விட்டு, மகரந்தப்பையை இரண்டாக வெட்டி, இரும்பு ஊசியால் அமுக்கிச் செல்களை வெளியேற்றுங்கள். எவர்சில்வர் ஊசி வேண்டாம், இரும்பு ஊசியிலிருந்து இறங்கும் துளி இரும்புதான் நிறத்தை ஆழமாக்கும். சாயம் கருநீலமாகத் திரும்பினால் இரும்பு அதிகமாகிவிட்டது. சுவர்த் துணுக்குகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி எடுங்கள். ஒரு துணுக்கு கிடந்தாலும் கவர்சிலிப் படியாது, செல் தட்டையாகாது. கவர்சிலிப் போட்டு, ஸ்பிரிட் விளக்கின் மேல் மூன்று நான்கு முறை காட்டுங்கள். புறங்கையில் வைத்தால் பொறுக்கும் சூடு போதும். கொதித்தால் குமிழி வந்து எல்லாம் ஓரத்துக்கு ஓடிவிடும். பின்பு உறிஞ்சுதாளை மேலே வைத்துக் கட்டைவிரலால் நேராக அழுத்துங்கள். விரல் பக்கவாட்டில் வழுக்கினால் செல்கள் திரிந்து கயிறாகிவிடும், அந்த ஸ்லைடைத் தூக்கிப் போடலாம்.

மக்காச்சோளம் ஒருவித்திலை ஆதலால் முதல் பிரிவு முடிந்ததுமே குறுக்குச் சுவர் விழும், இரண்டு செல் கட்டம் தெளிவாகத் தெரியும். இருவித்திலைகளில் பெரும்பாலும் இரண்டு பிரிவும் முடிந்த பிறகே சுவர் வரும், ஆகவே அந்தக் கட்டத்தைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

விலங்குச் செல் வேண்டுமென்பவர்களுக்கு எருக்கஞ்செடியில் மேயும் வண்ண வெட்டுக்கிளியின் ஆண் நல்லது. விந்தகத்தில் 19 குரோமோசோம்: ஒன்பது இணை, துணையில்லாத ஒரு எக்ஸ். அந்த எக்ஸ் முதல் பிரிவில் ஏதாவது ஒரு துருவத்துக்கு மட்டும் போவதைக் கண்ணால் பார்க்கலாம்.

வாழை விவசாயி, மார்த்தாண்டம்: ஏத்தன், பாளையங்கோட்டான், செந்துளுவன் எதிலும் விதை இல்லை. ஆனால் மலையடிவாரத்தில் நண்பர் வைத்த கற்பூரவல்லியில் கறுப்பு விதை வந்தது. கன்று கெட்டதா? வாழைப்பூவை ஒடித்துவிட்டால் நிற்குமா?

கன்று கெடவில்லை. வாழையின் அடிப்படைத் தொகுப்பு 11 குரோமோசோம். காட்டு வாழையில் இரண்டு தொகுப்பு, 22. நீங்கள் சொன்ன நான்கு ரகத்திலும் மூன்று தொகுப்பு, 33. ஏத்தனும் பாளையங்கோட்டானும் ஏஏபி, செந்துளுவன் ஏஏஏ, கற்பூரவல்லி ஏபிபி. இதில் ஏ ஒரு காட்டு இனத்தின் வழி வந்தது, பி மற்றொன்றின் வழி வந்தது.

இரண்டு இருந்தால் இணை சேர்ந்து ஆளுக்கொரு பக்கம் போகும். மூன்று இருந்தால்? எந்த ஒரு புள்ளியிலும் இரண்டு மட்டுமே ஒட்ட முடியும். மூன்றாவது பாதி ஒட்டித் தொங்கும், அல்லது தனியே திரியும். பிரியும்போது ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று. எந்தப் பக்கம் இரண்டு என்பதை ஒவ்வொரு மும்மையும் தனித்தனியாக முடிவு செய்கிறது. பதினொன்றிலும் ஒன்றொன்றே ஒரு செல்லுக்கு வர வாய்ப்பு 2048ல் ஒன்று. பதினொன்றிலும் இரண்டிரண்டு வர இன்னொரு 2048ல் ஒன்று. ஆக ஒழுங்கான தொகுப்பு கிடைப்பது 1024ல் ஒன்றுதான். மற்றவை எல்லாம் 11க்கும் 22க்கும் நடுவே அரைகுறையாக நிற்கும். இதுவும் எல்லா மும்மையும் ஒழுங்காக இரண்டு, ஒன்று எனப் பிரிந்தால்தான். தனியே திரிபவை வழியில் தங்கிக் காணாமலும் போகும். விதை பிடிக்காததன் பெரும்பகுதிக் காரணம் இது. கருவுறாமலே காய் திரளும் குணமும் இந்த ரகங்களுக்கு இருப்பதால் நமக்குப் பழம் கிடைக்கிறது.

உங்கள் ஊர் மட்டி மட்டும் இதில் விலகி நிற்கும். அது ஏஏ, 22தான். ஆனாலும் விதை இல்லை. வளர்ப்பு இரட்டைமய வாழைகளில் இரண்டு தொகுப்புகளுக்கும் இடையே குரோமோசோம் துண்டுகள் இடம் மாறியிருப்பது உண்டு. எண்ணிக்கை இரட்டையாக இருந்தும் இணை சேர்வது சிக்கலாகும். ஞாலிப்பூவன் ஏபி, அதில் இணைய வேண்டிய இரண்டும் வெவ்வேறு இனத்தவை.

கற்பூரவல்லிக்கு வருவோம். மும்மய ரகங்களில் ஓரளவு பெண்வளம் மிஞ்சியிருக்கும் ரகம் அது. வளமான மகரந்தம் தரும் காட்டு வாழை அருகே இருந்து, வௌவாலோ தேன்சிட்டோ அதைக் கொண்டுவந்தால் விதை வைக்கும். வாழைப்பூவை ஒடிப்பதால் இது நிற்காது. பெண்பூக்கள் முதலில் விரிகின்றன, மகரந்தமோ வேறு மரத்திலிருந்து வருகிறது. குலை தள்ளியவுடன், சீப்புகள் விரியும் முன்பே மெல்லிய துணி உறை போட்டால் நிற்கும். அதே கன்றை ஊருக்குள் காட்டு வாழை இல்லாத இடத்தில் வைத்தால் உறையும் வேண்டாம்.

புதிய ரகம் உண்டாக்குகிறவர்கள் நம்பியிருப்பதும் ஒரு பிசகைத்தான். சில சமயம் முட்டைச் செல்லில் குறைதல் நடக்காமல் 33ம் அப்படியே நின்றுவிடும். அதில் 11 கொண்ட மகரந்தம் சேர்ந்தால் 44. பிறகு 44ஐ 22ஓடு சேர்த்தால் மறுபடி 33. ஒரு குலையில் ஒன்றிரண்டு விதை கிடைத்தாலே அதிர்ஷ்டம் என்கிற வேலை அது. இதற்கெல்லாம் ஏன் மெனக்கெட வேண்டும் என்றால், கன்று வழியே மட்டும் பெருகும் ரகத்தில் புதுக் கலவை நடப்பதில்லை. ரசகதலி வாடல் நோயில் எங்கும் ஒரே மாதிரி சாய்வது அதனால்தான்.

காய்கறி விவசாயி, கொழிஞ்சாம்பாறை: விதையில்லாத் தர்பூசணி விதை வாங்கி ஒரு ஏக்கர் முழுக்க அதையே போட்டேன். பூத்தது, பிஞ்சு எல்லாம் உதிர்ந்துவிட்டது. கடைக்காரர் மேல் சந்தேகம்.

விதையில் குறையிருக்க அவசியமில்லை, நட்ட முறையைப் பாருங்கள். தர்பூசணிக்கும் அடிப்படை 11தான். சாதா ரகத்தை கால்ச்சிசின் கொண்டு 44 ஆக்கி, அதன்மேல் 22 உள்ள ரகத்தின் மகரந்தம் இட்டுப் பெறும் விதை 33 கொண்டது. (கால்ச்சிசின் நம் செங்காந்தள் விதையிலும் கிழங்கிலும் இருக்கும் நஞ்சு. கதிர் இழை உருவாகவிடாமல் தடுக்கும், இரட்டித்த குரோமோசோம்கள் பிரியாமல் ஒரே செல்லில் தங்கும்.) வாழையில் சொன்ன அதே கணக்கின்படி இதன் மகரந்தம் வேலைக்கு ஆகாது. ஆனால் வாழை போலச் சும்மா காய்க்கவும் செய்யாது. உயிருள்ள மகரந்தம் சூல்முடியில் விழுந்து தூண்டினால்தான் பிஞ்சு நிற்கும். ஆகவே மூன்று வரிசைக்கு ஒரு வரிசை சாதா ரகம் கட்டாயம். இரண்டும் ஒரே சமயத்தில் பூக்க வேண்டும். தோலில் வேறு கோடுள்ள ரகமாகப் பார்த்து வையுங்கள், அறுவடையில் குழப்பம் வராது. பூக்கும் நாட்களில் காலையில் பூச்சிமருந்து அடிக்காதீர்கள், தேனீ வராவிட்டால் சாதா வரிசை இருந்தும் பயனில்லை.

அடுத்த முறைக்கு ஒன்று: இந்த விதையின் தோல் தடிப்பு, கரு சிறிது. குழித்தட்டில் கூர்முனை மேலே இருக்கும்படி ஊன்றி, 30 டிகிரி செல்சியஸ் அளவில் கதகதப்பாக வையுங்கள். தண்ணீர் அதிகமானால் முளை அழுகும். பழத்தில் தெரியும் வெள்ளை மென்சிலும்பு விதையுறைதான், உள்ளே கரு இல்லை, தின்னலாம்.

பள்ளி மாணவர், மூணாறு: கோவேறு கழுதைக்குக் குட்டி பிறக்காதது ஏன்?

குதிரைக்கு 64, கழுதைக்கு 62. கோவேறு கழுதைக்கு 32ம் 31ம் சேர்ந்து 63. ஒன்று ஒற்றையாக நிற்பது மட்டுமல்ல, மற்றவையும் வரிசை மாறியிருப்பதால் பாக்கிட்டீனில் ஒழுங்காக ஒட்ட முடிவதில்லை. ஒட்டாத செல்லை உடலே அழித்துவிடும். உடல்செல் பிரிவில் இணை சேர வேண்டிய தேவையே இல்லாததால் விலங்கு மட்டும் திடகாத்திரமாக வளர்கிறது. பெண் கோவேறு கழுதை ஈன்றதாகப் பதிவுகள் உண்டு, மிக மிக அபூர்வம்.

ஏலத்தோட்டம் வைத்திருப்பவர், குமுளி: நன்றாகக் காய்க்கும் ஞள்ளானிச் செடியின் விதையை எடுத்து நாற்றுப் போட்டேன். ஒன்றுகூடத் தாய் போல இல்லை. தட்டை (தூரிலிருந்து வரும் பக்கக் கன்று) பிரித்து வைத்தால் மட்டும் அப்படியே வருகிறது.

வரத்தான் செய்யும். ஏலத்துக்கு 48 குரோமோசோம், 24 இணைகள். முதல் மெட்டாஃபேஸில் ஒவ்வொரு இணையும் எந்தப் பக்கம் பார்த்து நிற்பது என்பதைத் தன்னிச்சையாக முடிவு செய்கிறது. குறுக்கேற்றத்தைக் கணக்கில் எடுக்காமலே ஒரு செடி தரக்கூடிய கலவைகள் 2ஐ 24 முறை பெருக்கியது, அதாவது 1,67,77,216. இதோடு தேனீ கொண்டுவரும் அயல் செடியின் மகரந்தத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தாயில் சேர்ந்து அமைந்திருந்த நல்ல குணங்கள் நாற்றில் சிதறிப் போகின்றன. தட்டை வளர்வது மைட்டாசிஸ் வழி, அங்கே இணை பிரிவதே இல்லை.

தட்டைக்கு ஒரு கெடுதலும் உண்டு. கட்டே நோய் வைரஸ் கிழங்கோடு கூடவே வந்துவிடும், விதை வழி வராது. இலையில் நரம்புக்கு இணையாக வெளிர்பச்சைக் கோடு தெரியும் தூரிலிருந்து, எவ்வளவு காய்த்தாலும், தட்டை எடுக்காதீர்கள். விதை நாற்றை அடியோடு ஒதுக்கவும் வேண்டாம். ஞள்ளானியே இடுக்கி விவசாயத் தோட்டத்தில் தேர்ந்தெடுத்த செடிதான். ஓரத்தில் கொஞ்சம் நாற்று விட்டுவைத்து, மூன்று நான்கு வருஷம் காய்ப்பைப் பாருங்கள். தாயை மிஞ்சும் ஒன்று கிடைத்தால் அதன் தட்டையைப் பெருக்கலாம்.

ஒரு தாய், சித்தூர் (பாலக்காடு): என் முதல் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம். கிரகணத்தன்று வெளியே வந்ததால் என்கிறார் மாமியார். அத்தை மகனைக் கட்டியதால் என்கிறார்கள் மற்றவர்கள். எனக்கு 31 வயது. அடுத்த குழந்தைக்கும் வருமா?

சகோதரி, இரண்டும் காரணமல்ல. சொந்தத்தில் மணப்பதால் கூடுவது வேறு வகை நோய்கள்: இரு பெற்றோரிடமிருந்தும் ஒரே பழுதான மரபணு வந்து சேர்ந்தால் வருபவை. டவுன் சிண்ட்ரோமில் மரபணு பழுதில்லை. 21ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கிறது. இதை 1959ல் பிரான்சில் லெஜேன் குழுவினர் அறிவித்தார்கள். சுமார் 95 சதவீதம் பேருக்கு, இனச்செல் உருவாகும்போது அந்த இணை பிரியாமல் ஒரே பக்கம் போனதே காரணம். பத்தில் ஒன்பது அளவில் அது முட்டையில், அதிலும் பெரும்பாலும் முதல் பிரிவில் நேர்கிறது.

முட்டையில் ஏன் என்றால் காலம்தான். ஆணுக்கு விந்தணு பருவ வயதிலிருந்து தொடர்ந்து புதிதாக உருவாகிறது. ஒரு சுற்று இரண்டு மாதத்துக்குச் சற்று அதிகம். பெண்ணின் முட்டைகளோ அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே மியாசிஸைத் தொடங்கி, டிப்ளோட்டீனில் நின்றுவிடுகின்றன. முதல் பிரிவு முடிவது அந்த முட்டை வெளிவரும் மாதத்தில்தான், இரண்டாவது முடிவது விந்தணு நுழைந்த பிறகு. முப்பது வயதில் வரும் முட்டையின் இணைகளை முப்பது வருஷமாகப் பிடித்து நிற்பது அதே பழைய கோஹீசின். அது தேயத் தேயப் பிடி தளரும். அதனால் வயதோடு வாய்ப்பு கூடுகிறது: 25 வயதில் ஏறக்குறைய 1250 பிரசவத்துக்கு ஒன்று, 35ல் 350க்கு ஒன்று, 40ல் 100க்கு ஒன்று, 45ல் 30க்கு ஒன்று. இளம் தாய்மாருக்குப் பிரசவங்கள் அதிகம் என்பதால் டவுன் குழந்தைகளின் தாய்மாரில் நிறையப் பேர் 35க்குக் கீழேதான். நீங்கள் செய்த எதுவும் இதைக் கொண்டுவரவில்லை, செய்யாமல் விட்ட எதுவும் இதைத் தடுத்திருக்காது.

அடுத்த குழந்தையைப் பற்றிய பதில் உங்கள் குழந்தையின் கேரியோடைப் அறிக்கையில், அதாவது குரோமோசோம் பரிசோதனை அறிக்கையில், இருக்கிறது. அதை எடுத்துப் பாருங்கள். '47' என்று தொடங்கி 'பிளஸ் 21' என்று முடிந்தால் அது மேலே சொன்ன தனிப் பிசகு. உங்கள் வயதுக்கு அடுத்த முறை வாய்ப்பு ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று. பெற்றோருக்குக் குரோமோசோம் சோதனை பொதுவாகத் தேவைப்படாது. '46' என்று தொடங்கி 'ராப்' அல்லது 'டெர்' என்று ஒரு குறிப்பு இருந்தால், கூடுதல் 21 வேறொரு குரோமோசோமோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். இப்படி அமைவது நூற்றுக்கு மூன்று நான்கு பேருக்கு. அப்போது நீங்களும் கணவரும் இருவருமே சோதித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் ஒருவர் அந்த ஒட்டை எந்தத் தொந்தரவும் இல்லாமல் சுமந்துகொண்டிருக்கலாம். 14ஓடு 21 ஒட்டியதைத் தாய் சுமந்தால் மறுபடி வர நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வாய்ப்பு, தந்தை சுமந்தால் மிகக் குறைவு. 21ஓடு 21ஏ ஒட்டியதைப் பெற்றோரில் ஒருவர் சுமந்தால் மட்டும் பிறக்கும் எல்லாக் குழந்தைக்கும் வரும்.

அறிக்கை கையில் இல்லையென்றால் குழந்தையின் இரத்தம் இரண்டு மூன்று மி.லி. ஹெப்பாரின் குழாயில் எடுத்து அனுப்ப வேண்டும். சாதாரண இரத்தப் பரிசோதனைக்கு எடுக்கும் இ.டி.டி.ஏ. குழாய் இதற்கு உதவாது, செல் வளராது. ஃப்ரீசரில் வைக்கவும் கூடாது. மூன்று நாள் செல்லை வளர்த்துத்தான் பார்ப்பார்கள், ஆகவே முடிவுக்குச் சில வாரம் பிடிக்கும். கருவுறும் முன்பே இதை முடித்துவிடுங்கள். கருவுற்ற பின் 11 முதல் 13 வாரத்துக்குள் கழுத்துத் தோல் ஸ்கேனும் இரத்தச் சோதனையும், அல்லது 10 வாரத்துக்குப் பின் தாயின் இரத்தத்தில் குழந்தையின் டிஎன்ஏ சோதனையும் செய்யலாம். இவை இரண்டும் வாய்ப்பு எவ்வளவு என்று மட்டும் சொல்லும். உறுதி செய்ய 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீர் எடுத்துப் பார்க்கலாம். ஒட்டு வகை என்று தெரிந்திருந்தால் முதலிலேயே ஆய்வகத்துக்குச் சொல்லிவிடுங்கள், என்ன தேட வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.